கரும்புத் தீவின் நீராவி எஞ்சின்கள்



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவன கோட்டைகள், கோயில்கள், கல்வெட்டுகள், செப்பேடுகள் ஆகியவையே. நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று அவற்றைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் ஒரு நாட்டின் கதையைச் சொல்வதற்குக் கரி படிந்த பழைய இரும்பு எஞ்சின் ஒன்றும் போதுமானது என்பதை நான் சற்றுக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். அவ்வாறு உணர்வதற்குக் காரணமாய் இருந்தது என்னுடைய சொந்தத் தவறு ஒன்று. அதனை முதலில் கூறிவிட்டுப் பிறகு கடல் கடந்து செல்கிறேன்.

நான் வரலாற்று ஆசிரியனாகப் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் ஊர்ப் புகைவண்டி நிலையத்தின் ஒதுக்குப் பாதையில் நீராவி எஞ்சின் ஒன்று ஓய்வாக நின்றது. சிறுவனாய் இருந்தபோது அதன் ஊதலைக் கேட்டே பள்ளிக்குப் புறப்பட்டவன் நான். டீசல் எஞ்சின்கள் வந்தபின் அதற்கு வேலை இல்லை. அதை ஓட்டிய முதியவர் ஒருவரும் ஊரிலேயே இருந்தார். ஒரு நாள் மாணவர்களை அழைத்துச் சென்று, எஞ்சினையும் காட்டி, அம்முதியவரையும் பேசச் செய்ய வேண்டும் என்று எண்ணினேன். தேர்வு முடியட்டும் என்று ஒரு முறையும், மழை நிற்கட்டும் என்று மறு முறையும் தள்ளிப்போட்டேன். முடிவில் மாணவர்கள் நாற்பது பேரை வரிசையாக அழைத்துச் சென்ற நாளில், அந்த ஒதுக்குப் பாதை வெறுமையாய்க் கிடந்தது. எஞ்சினை வெட்டி எடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளத்தின் இடையே எண்ணெய்க் கறையும் இரும்புத் துருவுமே எஞ்சியிருந்தன. ஒரு சிறுவன், “ஐயா, எஞ்சின் எங்கே?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அக்கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. பழைய எஞ்சின்களை உலகில் யார் யார் எவ்வாறு காத்தனர் என்று படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்தவற்றுள் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது கரீபியன் கடலிலுள்ள கியூபா என்னும் தீவின் கதை. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கியூபா, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் தீவு. நெடுங்காலம் அது ஸ்பெயின் நாட்டின் குடியேற்றமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் செல்வத்தின் பெரும்பகுதி கரும்பில் இருந்தது. கரும்பு, பொறுமை இல்லாத பயிர். வெட்டியபின் வெயிலில் கிடந்தால் அதன் சாற்றிலுள்ள சர்க்கரை குறைந்துகொண்டே போகும். ஓரிரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆலையில் காய்ச்சிய சர்க்கரையோ துறைமுகத்தை அடைய வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் அத்தீவின் செம்மண் பாதைகளில் மாட்டு வண்டிகள் அச்சு வரை புதைந்து நின்றன. வண்டிக் கூலியே சர்க்கரையின் விலையைத் தின்றுவிட்டது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்கே அங்கே இருப்புப்பாதை பிறந்தது.

1837-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், தலைநகராகிய ஹவானாவிலிருந்து பெஹுகல் என்னும் ஊருக்கு, ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவுக்கு, முதல் புகைவண்டி ஓடியது. மறு ஆண்டிலேயே பாதை கரும்பு வளம் மிக்க குயினெஸ் வரை நீண்டது. இலத்தீன் அமெரிக்கா முழுமைக்கும் அதுவே முதல் இருப்புப்பாதை. இதில் ஒரு வியப்பைக் கவனியுங்கள். ஆளும் நாடாகிய ஸ்பெயினின் சொந்த மண்ணில் முதல் புகைவண்டி பார்சிலோனாவிலிருந்து மத்தாரோவுக்கு ஓடியது 1848-ஆம் ஆண்டில்தான். தாய்நாட்டிற்குப் பதினோர் ஆண்டுகள் முன்னரே அடிமைப்பட்ட தீவுக்குப் புகைவண்டி வந்துவிட்டது! நம் நாட்டில் பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பயணிகள் வண்டி ஓடியது 1853-இல். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது 1856-இல். ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், சர்க்கரையின் ஆற்றல் எத்தகையது என்பது விளங்கும்.

ஆனால் மாணவர்களே, இந்தப் பெருமையை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். அந்தப் பாதையை இட்டவர் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும், அயர்லாந்திலிருந்தும் கேனரித் தீவுகளிலிருந்தும் வந்த ஏழைத் தொழிலாளரும் ஆவர். நோயாலும் கடுமையான வேலையாலும் அவர்களுட் பலர் மாண்டனர். 1841-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, பத்து இலட்சம் மக்கள் இருந்த அத்தீவில் அடிமைகள் மட்டும் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டவர். 1847 முதல் சீனத் தொழிலாளரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர்; அவர்கள் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. கியூபாவில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1886-இல்தான். அதே காலத்தில், அண்டைத் தீவுகளாகிய குவாதலூப், மார்த்தினிக் ஆகியவற்றின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் மக்களும் கப்பலேறினர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆகவே கரீபியன் கடலின் கரும்பு வண்டிக் கதை நமக்கு முற்றிலும் அயலார் கதை அன்று.

இனி எஞ்சின்களுக்கு வருவோம். 1898-இல் ஸ்பெயின் ஆட்சி முடிந்தது. 1902-இல் கியூபா குடியரசாயிற்று. அமெரிக்க முதல் பெருகி வந்து கரும்பாலைகளை நிறைத்தது. கனடா நாட்டுப் பெரும் இருப்புப்பாதையை அமைத்துப் புகழ்பெற்ற வில்லியம் வான் ஹோர்ன் என்பார், தீவின் கிழக்குப் பகுதியை நடுப்பகுதியோடு இணைக்கும் நெடும்பாதையை 1902-இல் முடித்தார். முதல் உலகப்போரில் ஐரோப்பாவின் சர்க்கரைக் கிழங்கு வயல்கள் பாழாயின. உலகம் முழுவதும் சர்க்கரைக்குக் கியூபாவை நோக்கியது. 1920-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ராத்தல் சர்க்கரையின் விலை இருபத்திரண்டு சென்டுக்கு மேல் ஏறியது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு சென்டுக்குக் கீழ் இறங்கியது. விலை உயர்ந்தபோது ஆலை முதலாளிகள் போட்டியிட்டுக்கொண்டு எஞ்சின்களை வாங்கினர். பிலடெல்பியா நகரத்துப் பால்டுவின் தொழிற்சாலை இத்தீவுக்கு அனுப்பிய எஞ்சின்கள் மிகப் பல. இன்றும் கியூபாவிலுள்ள பழைய எஞ்சின்களின் பெயர்த் தகடுகளைப் பார்த்தால், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளே மீண்டும் மீண்டும் காணப்படும். பொருளாதார நூலில் ஓர் அத்தியாயம் முழுவதும் சொல்லும் செய்தியை ஒரு பித்தளைத் தகட்டிலுள்ள ஆண்டு சொல்லிவிடுகிறது.

உலகின் பிற நாடுகள் நீராவி எஞ்சின்களைக் கைவிட்ட பின்னும் கியூபாவில் அவை ஏன் ஓடின? இதற்குக் காரணங்கள் மூன்று.

முதற் காரணம் அரசியல். 1959-இல் பிடல் காஸ்ட்ரோ தலைமையில் புரட்சி வென்றது. 1960-இல் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டில் அமெரிக்கா வணிகத் தடையை விதித்தது. எஞ்சினைச் செய்த நாட்டிலிருந்து ஓர் ஆணியும் வர வழியில்லாமற் போயிற்று. அது மட்டுமன்று, பால்டுவின் தொழிற்சாலையே 1956-இல் எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே கியூபாவின் ஆலைத் தொழிலாளர் தேவையான உறுப்புகளைத் தாமே வார்த்தனர், தாமே கடைந்தனர், ஓர் எஞ்சினின் சக்கரத்தை மற்றோர் எஞ்சினுக்குப் பூட்டினர்.

இரண்டாம் காரணம் சிக்கனம். கரும்பு அறுவடை ஆண்டு முழுவதும் நடப்பதன்று. பனிக்காலத்தில் தொடங்கி நான்கைந்து மாதங்களில் முடிந்துவிடும். அந்தச் சில மாதங்களுக்காக விலையுயர்ந்த டீசல் எஞ்சின்களை வாங்கி, மற்ற மாதங்களில் சும்மா நிறுத்திவைப்பது ஏழை நாட்டுக்குக் கட்டுபடியாகுமா? சோவியத் நாட்டிலிருந்து வந்த டீசல் எஞ்சின்கள் நெடும்பாதைகளுக்குப் போயின. ஆலைப் பாதைகளிலோ பழைய நீராவி எஞ்சின்கள் எண்ணெயை எரித்துக்கொண்டு கரும்பு இழுத்தன. ஆலைகளுக்கு உரிய பாதைகளின் நீளம், பொதுமக்கள் செல்லும் பாதைகளின் நீளத்தைவிட அதிகம் என்றால், அந்த வேலையின் அளவை நீங்களே உணரலாம்.

மூன்றாம் காரணம் அறுவடை இல்லாத மாதங்கள். கியூபா மக்கள் தம் மொழியில் அதனை “இறந்த காலம்” என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பர். கரும்பு வெட்டும் கூலியாளுக்கு அந்தக் காலம் முன்னாளில் வேலையற்ற, பசி நிறைந்த காலம். ஆலையின் பட்டறையிலோ அதுவே எஞ்சின்களைப் பிரித்துச் சீர் செய்யும் காலம். நம் தமிழ் இலக்கணத்திலும் இறந்த காலம் உண்டு. பட்டறைத் தொழிலாளர் கையில் அந்த இறந்த காலம் ஒவ்வோர் ஆண்டும் நிகழ்காலமாயிற்று என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இவ்வாறு பிழைத்து வந்த எஞ்சின்களுக்கு இடி வேறு திசையிலிருந்து விழுந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. கியூபாவின் சர்க்கரையை நல்ல விலைக்கு வாங்கியவரும், எண்ணெய் தந்தவரும் இல்லாமற் போயினர். 2002-ஆம் ஆண்டில் அரசாங்கம் தீவின் ஆலைகளுள் ஏறத்தாழச் சரிபாதியை மூடிவிட முடிவு செய்தது. ஓர் ஆலை மூடப்பட்டால் அதன் சங்கொலி நிற்கும். பாதையில் புல் முளைக்கும். எஞ்சின் நின்ற இடத்திலேயே கடற்காற்று பட்டுத் துருப்பிடிக்கும். நூறாண்டு உழைத்த எஞ்சினுக்குச் சில மழைக்காலங்கள் போதும், எடைக்குப் போடும் இரும்பாக மாற.

அந்நிலையில் கியூபா சிலவற்றைக் காத்தது. அவற்றுள் முதலிடம் பெறத்தக்கது “லா ஹுந்தா” என்னும் எஞ்சின். 1840-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பேட்டர்சன் நகரில் செய்யப்பட்டு, மத்தான்சாஸ் பகுதியின் இருப்புப்பாதைக்காக வந்தது அது. அத்தீவில் எஞ்சியவற்றுள் மிகப் பழையது. தேசியச் சின்னமாகப் போற்றப்படுவது. ஹவானாவின் பழைய கிறிஸ்தினா நிலையம் புகைவண்டிக் காட்சிசாலையாக்கப்பட்டது. கைபரியேன் நகரின் அருகே, மூடப்பட்ட மார்செலோ சலாதோ என்னும் ஆலை, சர்க்கரைத் தொழிற் காட்சிசாலையாயிற்று. அங்கே ஆலைப் பொறிகளையும் நீராவி எஞ்சின்களையும் ஒருங்கே காணலாம். ஒருகாலத்தில் ஆஸ்திரேலியா என்று பெயரிடப்பட்ட மற்றோர் ஆலை, 1961 ஏப்ரலில் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பின்போது காஸ்ட்ரோவின் தலைமையிடமாக இருந்தது. அங்கும் பழைய எஞ்சின்கள் பேணப்பட்டன. சாந்தா கிளாரா நகரிலோ வேறு வகையான நினைவுச் சின்னம் உள்ளது. 1958 டிசம்பர் 29-ஆம் நாள், சே குவேராவின் வீரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்து, பட்டிஸ்டா அரசின் கவச வண்டியைக் கவிழ்த்தனர். அதன் பெட்டிகள் அந்த இடத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

மற்றத் தீவுகளின் நிலையையும் ஒருசிறிது நோக்குவோம். ஜமைக்காவில் 1845-இலேயே புகைவண்டி வந்தது. 1992-இல் வழக்கமான பயணிகள் வண்டி நின்றது. பார்படோசின் சிறு பாதை 1881 முதல் 1937 வரைதான் வாழ்ந்தது. திரினிதாத் தீவில் 1876-இல் தொடங்கிய பயணிகள் வண்டி 1968-இல் முடிவுற்றது. செயின்ட் கிட்ஸ் தீவோ வேறு வழி கண்டது. ஆலைக்குக் கரும்பு கொண்டுவர 1912-க்கும் 1926-க்கும் இடையே இடப்பட்ட பாதையில், 2003 முதல் சுற்றுலாப் பயணிகளின் வண்டி ஓடத் தொடங்கியது. 2005-இல் அத்தீவில் சர்க்கரைத் தொழிலே முடிவுக்கு வந்தபோதும், பாதைக்கு வேறொரு வேலை கிடைத்திருந்ததால் அது பிழைத்தது.

பழைய எஞ்சினைக் காப்பது வண்ணம் பூசி மேடையில் ஏற்றிவைப்பதோடு முடியும் செயல் அன்று. அதன் உயிர்நிலை கொதிகலன். நெருப்பின் சூடான காற்று பல குழாய்களின் வழியே சென்று, சுற்றியுள்ள நீரைக் கொதிக்கச் செய்யும். நீரிலுள்ள உப்பு ஆண்டுக்கணக்கில் படிந்து ஓடாகும், தகடு மெலியும். மெலிந்த கொதிகலனில் நீராவியை அடைத்தால் அது வெடிகுண்டுக்கு ஒப்பாகும். ஆதலால் ஓட்டுவதற்கு முன் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். கெட்ட குழாய்களை மாற்ற வேண்டும். ஓட்டாமல் காட்சிக்கு மட்டும் வைப்பதாயின், உள்ளிருக்கும் நீரை வடித்து, ஈரம் தங்காமல் உலர்த்தி, மேலே கூரை போட வேண்டும். கூரையில்லாத காட்சிப்பொருள் மெல்லச் சாகும் பொருளே.

இங்கே அறிஞர் இரு சாராராகப் பிரிவர். ஓடாத எஞ்சின் பிணத்தை ஒக்கும், அதை ஓடவிட்டே காட்ட வேண்டும் என்பர் ஒரு சாரார். ஓட ஓட உறுப்புகள் தேயும், தேய்ந்தவற்றை மாற்ற மாற்றப் பழமையே மறையும் என்பர் மற்றொரு சாரார். கியூபாவின் எஞ்சின்கள் இவ்வழக்கை இன்னும் சிக்கலாக்குகின்றன. ஓர் எஞ்சினின் சட்டம் பிலடெல்பியாவில் செய்தது. அதன் பின்னுள்ள நீர்த்தொட்டி வேறோர் எஞ்சினுக்கு உரியது. பித்தளைத் தாங்கி ஆலைப் பட்டறையில் வார்த்தது. இதில் மூலம் எது, மாற்றம் எது? என் கருத்தில், அந்தப் பட்டறைத் தொழிலாளன் வார்த்த பித்தளையும் மூலமே. அதனை எடுத்துவிட்டுப் புதுமெருகு கொடுத்தால், நாம் காப்பது தொழிற்சாலையின் பெயரை மட்டுமே. தடைகளுக்கு நடுவே பல்லாண்டுகள் அதனை உயிரோடு வைத்திருந்த மனிதனை இழந்துவிடுவோம்.

அதைவிடப் பெரிய வினா ஒன்றும் உண்டு. என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது கல்லூரியில் படிப்பவள், என்னிடம் கேட்டாள்: “ஐயா, அடிமைகளை வருத்திய தொழிலின் கருவி அல்லவா அது? அதை ஏன் போற்ற வேண்டும்?” நல்ல கேள்வி. கியூபாவின் திரினிதாத் நகரை அடுத்த ஆலைப் பள்ளத்தாக்கில், மனாக்கா இஸ்னாகா என்னும் தோட்டத்தில், ஏறத்தாழ 45 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்று நிற்கிறது. கரும்பு வயலில் வேலை செய்த அடிமைகளைக் கண்காணிக்க எழுந்தது அது. அந்த நகரையும் பள்ளத்தாக்கையும் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் 1988-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கோபுரத்தை இடித்துவிட்டால் அடிமைகளின் துயரம் நீங்கிவிடுமா? துயரத்தின் சாட்சி ஒன்றுதான் நீங்கும். சாட்சியை நிறுத்தி வைத்து, அதன் அருகே உண்மையை எழுதி வைப்பதே முறை. எஞ்சினுக்கும் அதுவே பொருந்தும். “இஃது இன்ன ஆண்டில் இன்ன ஊரில் செய்யப்பட்டது” என்று எழுதினால் பாதி வரலாறு. பாதையை இட்டவர் யார், கரும்பை வெட்டியவர் யார், லாபம் யாரிடம் சென்றது என்பனவும் சேர்ந்தால்தான் முழு வரலாறு. இவற்றை எழுதாமல், சுற்றுலாப் பயணிகள் சிரித்துக்கொண்டே ஏறிச் செல்லும் விளையாட்டு வண்டியாக மட்டும் அதனை ஆக்கினால், காத்தும் பயனில்லை என்றே நான் சொல்வேன்.

“அந்தக் கருவியை வெறுப்பவர்களும் அதைக் காண வேண்டும், அம்மா, கண்டபின் வெறுக்கட்டும்” என்று அவளுக்கு விடை சொன்னேன். அவள் முழுவதும் ஒப்பவில்லை. ஆயினும் மறுவாரம் அந்தக் கோபுரத்தைப் பற்றிய நூலைத் தேடிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள்.

மாணவச் செல்வங்களே, இரும்பை நிறுத்திவைக்க இடமும் பணமும் வேண்டும். அவை உங்களிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் இரும்பைவிட விரைவில் அழிவது ஒன்று உண்டு. அஃது எஞ்சினை ஓட்டியவரின் நினைவு. எந்த ஏற்றத்தில் நீராவியைக் கூட்ட வேண்டும், ஊதலை எப்படி இழுத்தால் ஆலைக்குத் தெரியும், மழையில் சக்கரம் வழுக்கினால் மணலை எப்போது விட வேண்டும் என்பன எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் போனால் அவையும் போய்விடும். வானொலியில் பேசும் நான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒரு முதியவரின் குரலைப் பதிவு செய்வதற்கு இன்று ஒரு பிற்பகல் போதும். அவர் பெயர், ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி வையுங்கள். அது புகைவண்டியாக இருக்க வேண்டுவதில்லை. உங்கள் ஊரின் அரிசி ஆலையாக இருக்கலாம், நெசவுத் தறியாக இருக்கலாம், செக்காக இருக்கலாம்.

எங்கள் ஊர் எஞ்சினை ஓட்டிய முதியவர், எஞ்சின் வெட்டப்பட்ட மறு ஆண்டில் காலமானார். அவரிடமும் நான் ஒன்றும் கேட்டு வைக்கவில்லை. அவர் வீட்டுத் திண்ணையை நாள்தோறும் கடந்துதான் நான் பள்ளிக்குச் சென்றேன். கியூபாவின் பட்டறைத் தொழிலாளர் பணமில்லாமல், பொருளில்லாமல், உதவுவார் இல்லாமல் செய்த ஒன்றை, எல்லாம் அருகிருந்தும் நான் செய்யத் தவறினேன். “எஞ்சின் எங்கே?” என்று கேட்ட அச்சிறுவனுக்கு இந்தப் பேச்சே என்னுடைய விடை. நீங்கள் என்னைப்போல் தேர்வு முடியட்டும் என்று காத்திராதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் தெருவிலுள்ள ஒரு முதியவரிடம் சென்று உட்காருங்கள்.